மேஸ்திரி ஏன் கரண்டி பிடிப்பதில்லை: புராஜெக்ட் மேனேஜ்மெண்ட், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா சம்பளம் போடுவார். காரைக்குடி வட்டாரத்தில் கொத்தனார் மேஸ்திரி அவர். வேலை நடக்கும் வீட்டின் திண்ணையிலேயே உட்கார்ந்து, பணத்தை எண்ணிக் கையில் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார்: “திங்கக்கிழமை வந்தா ஒனக்கு என்ன வேணும்?”

கொத்தனார் “சுண்ணாம்பு பத்தாதுண்ணே” என்பார். ஆசாரி “ஓட்டுக்கு அடியில அடிக்கிற ரீப்பர்க் கட்டை இன்னும் வந்து சேரல” என்பார். வயரிங் பையன் “மேற்குச் சுவர்ல இருக்குற ஆளை வேற பக்கம் மாத்துங்கண்ணே, நான் குழாய் பதிக்கணும்” என்பான். எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஏறும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த நோட்டோடு அலைவார். திங்கட்கிழமை காலையில் வந்தவர்களில் ஒருவர்கூடச் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்.

நான் கோயம்புத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜர். அப்பா செய்ததும் நான் செய்வதும் ஒரே வேலைதான் என்று புரிய எனக்குச் சில வருஷம் பிடித்தது. டீம் லீடாக இருந்து புதிதாக இந்தப் பொறுப்புக்கு வருபவர்கள் “இதுல அடிப்படை என்னண்ணே?” என்று கேட்கும்போதெல்லாம் அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வருகிறது. அதனால் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, ஊர் வீட்டை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் புராஜெக்ட் என்றால் என்ன? பிள்ளையார்பட்டிக் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் நடை திறப்பது, அபிஷேகம், அலங்காரம், இராத்திரி நடை சாத்துவது எல்லாம் தினமும் நடக்கிற காரியங்கள். நேற்று நடந்தது, நாளைக்கும் நடக்கும். இது புராஜெக்ட் இல்லை, அன்றாட நிர்வாகம். அதே கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்றால் கதையே வேறு. நாள் குறிக்கவேண்டும், பாலாலயம் செய்யவேண்டும், சாரம் கட்டவேண்டும், யாகசாலை போடவேண்டும். அந்த ஒரு நாளை நோக்கி எல்லாம் நகரும். முடிந்ததும் சாரம் இறங்கும், வந்த ஆட்கள் கலைந்து போவார்கள். ஆரம்பமும் முடிவும் உண்டு. போன கும்பாபிஷேகத்தைப் போலவே இது இருக்காது. பி.எம்.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ‘புராஜெக்ட் மேனேஜ்மெண்ட் இன்ஸ்டிட்யூட்’ என்ற அமெரிக்க அமைப்பு 1969-ல் தொடங்கியது. அவர்கள் தரும் வரையறையும் இதேதான்: தனித்தன்மையுள்ள ஒரு பொருளையோ சேவையையோ விளைவையோ உண்டாக்க எடுக்கும் தற்காலிக முயற்சி.

இங்கே தமிழில் ஒரு சின்னச் சிக்கல். புராஜெக்டுக்கும் திட்டம் என்கிறோம், பிளானுக்கும் திட்டம் என்கிறோம். அதனாலோ என்னவோ, எக்செல்லில் ஒரு பட்டியல் போட்டதுமே வேலை பாதி முடிந்த நினைப்பு பலருக்கு வந்துவிடுகிறது. குழப்பம் வேண்டாம் என்று இந்தக் கட்டுரையில் புராஜெக்ட் என்றே எழுதுகிறேன்.

இனி அந்த வீடு. கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு ஊர். முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு என்று நீளும் பழைய வீடு. ஏழு பங்காளிகளுக்குச் சொந்தம். இரண்டு பேர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், மற்றவர்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். வீட்டில் குடியிருந்தது ஒரு ஆச்சி மட்டும். மூத்தவருக்கு வைகாசியில் சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்), அதுவும் பூர்வீக வீட்டில்தான் நடத்தவேண்டும் என்று முடிவாகியிருந்தது. வளவைச் சுற்றி ஓடு ஒழுகியது, சுவரில் பூச்சு உதிர்ந்தது, தரையில் கல் பெயர்ந்து கிடந்தது. அப்பாவைக் கூப்பிட்டார்கள். நான் அப்போது வேலை மாறும் இடைவெளியில் ஊரில் இருந்தேன். நோட்டு எழுதுகிற வேலை எனக்கு.

புத்தகத்தில் ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்று வரும் சொல்லுக்குத் தமிழில் பலரும் பலவிதமாகச் சிரமப்பட்டு மொழிபெயர்க்கிறார்கள். செட்டிநாட்டில் அந்தச் சிரமமே இல்லை. பங்காளி என்றால் முடிந்தது. வீட்டில் பங்கு உண்டு, கருத்து உண்டு, கோபித்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. ஆனால் பங்காளி வேறு, முடிவு சொல்கிறவர் வேறு. பணத்தைக் கொடுத்து, அதிகாரத்தைக் கொடுத்து, பின்னால் நிற்கிறவரை ‘ஸ்பான்சர்’ என்பார்கள். காரைக்குடிக்காரர்களுக்கு இதற்குப் பெரிய உதாரணமே இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி இந்த ஊருக்கு வர, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் ஆய்வகம் திறக்கப்பட்டது. கொடுத்தவர் செங்கல் அடுக்கவில்லை. ஆனால் அவர் இல்லையென்றால் அடுக்குவதற்குச் செங்கலே வந்திருக்காது. ஸ்பான்சர் யார் என்று தெரியாமல் ஒரு புராஜெக்டைக் கையில் வாங்கவே வாங்காதீர்கள்.

அப்பா போனதும் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார் என்று நினைத்தேன். சுவர்ப் பக்கமே போகவில்லை. மூத்தவருக்குப் போன் போட்டார். “ஐயா, ஏழு பேரும் ஏழு மாதிரி சொன்னா நான் யார் பேச்சைக் கேக்குறது? ஒரே வாயா சொல்லுங்க.” நான்கு நாள் கழித்து, மூத்தவர் சொல்வதே முடிவு என்று ஏழு பேரும் ஒத்துக்கொண்டார்கள். என்ன செய்வது, என்ன செய்வதில்லை, எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள் என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லாருக்கும் அனுப்பினோம். செட்டிநாட்டுக் கல்யாணத்தில் இரு வீட்டாரும் சேர்ந்து இசைகுடிமானம் என்கிற ஒப்பந்தம் எழுதிக்கொள்வார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி. இதைப் ‘புராஜெக்ட் சார்ட்டர்’ என்பார்கள். இதில் ‘செய்வதில்லை’ என்கிற பத்திதான் முக்கியம். எங்கள் தாளில் “இரண்டாங்கட்டில் கை வைப்பதில்லை” என்று இருந்தது. அந்த ஒரு வரி பிற்பாடு எங்களைக் காப்பாற்றியது.

(வாட்ஸ்அப் குரூப்பில் கட்டைவிரல் போட்டால் அது சம்மதம் இல்லை. படித்தேன் என்று அர்த்தம். சில பேருக்கு அதுகூட இல்லை.)

எது எதற்காகக் காத்திருக்கிறது?

புராஜெக்ட் மேனேஜ்மெண்டில் ஒன்றே ஒன்றுதான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அனுபவத்தில் வந்துவிடும்.

முதலில் பெரிய வேலையைச் சின்னச் சின்ன வேலைகளாக உடைக்கவேண்டும். ‘வீட்டைச் சரிபண்ணுவது’ ஒரு வேலையே இல்லை, அதற்கு யாராலும் நாள் சொல்ல முடியாது. ஓடு பிரித்து வேய்வது, வயரிங், சுவர்ப் பூச்சு என்று பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளையும் ஒரு நாள் கணக்கையும் கேட்டு வாங்கலாம். கேட்கும்போதும் ஒரே பதிலை வாங்கிக்கொண்டு வந்துவிடக்கூடாது. ஓட்டு வேலைக்கு அப்பா மூன்று பதில் வாங்கினார். எல்லாம் நல்லபடியாகப் போனால் 16 நாள், வழக்கமாக 19, மோசமாகப் போனால் 28. நான் படித்த சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன்: வழக்கமானதை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்கவேண்டும். 16, 76, 28 சேர்த்தால் 120, ஆறால் வகுத்தால் 20. அப்பா சூத்திரம் இல்லாமலே நோட்டில் 20 என்று எழுதியிருந்தார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

கணக்கு இப்படி வந்தது. ஓடு 20 நாள். அது முடிந்தால்தான் வயரிங், 8 நாள். பிறகு சுவர்ப் பூச்சு 15 நாள். சுண்ணாம்புப் பூச்சு என்பதால் காய 10 நாள். அப்புறம் தரைக்கல் பதிக்க 12 நாள், கடைசியில் துப்புரவுக்கு 3 நாள். ஒன்றன்பின் ஒன்றாக மொத்தம் 68 வேலை நாள்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசை ஓடியது, தரைக்கல் செய்கிற ஆத்தங்குடியில். 900 சதுர அடிக்குப் பத்து அங்குலக் கல்லாக 1,296 வேண்டும். உடைசலுக்கும் வெட்டுக்கும் சேர்த்து 1,360 சொல்லியிருந்தோம். எங்களுக்கு ஒத்துக்கொண்டவர் நாளைக்கு 60 கல் என்றார். அப்படியானால் 23 நாள், பிறகு கடைசிக் கல்லும் ஊறிக் காய ஒரு வாரம், ஆக 30 நாள்.

அந்தக் கல் செய்வதைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வேலைப்பாட்டு அச்சை இறக்கி, ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு வண்ணக் கலவையாக ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிய பிறகு உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே ஈரக் கலவையை அப்பி மட்டம் தட்டுவார்கள். கண்ணாடி பட்ட பக்கம்தான் பிற்பாடு மேல்முகம், அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. சூளையே கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறி, வெயிலில் காயவேண்டும். அவசரம் என்று பத்து ஆட்களைக் கூடுதலாகப் போட்டால் கூடுதல் கல் ஊற்றலாம், ஊறுகிற நாளைக் குறைக்க முடியாது. மென்பொருளிலும் இப்படி ஊறுகிற வேலைகள் உண்டு. ஆள் சேர்த்தால் நாள் குறையும் என்று மேலே இருப்பவர்கள் சொல்லும்போது எனக்கு அந்தத் தொட்டிதான் கண்ணில் வரும்.

சரி, இப்போது இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தரை வேலை தொடங்க, சுவர் வரிசை 53-வது நாள்தான் வழிவிடும். கல் 30-வது நாளே தயார். ஆக, கல் 23 நாள் தாமதமானாலும் கல்யாணத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஓட்டு வேலை ஒரு நாள் தள்ளினால் எல்லாமே ஒரு நாள் தள்ளும். துளியும் இழுத்தடிக்க இடம் தராத இந்த நீண்ட வரிசைக்குத்தான் ‘கிரிட்டிக்கல் பாத்’ என்று பெயர். கல்லுக்குக் கிடைத்த 23 நாள் ‘ஃப்ளோட்’. தூண், கதவு பாலிஷ் வேலைக்கு 10 நாள்தான், ஓடு முடிந்ததும் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், துப்புரவுக்கு முன்னால் முடிந்தால் போதும். அதற்கு 35 நாள் ஃப்ளோட். அதனால்தான் அப்பா ஓட்டுக்காரர்களைத் தினமும் இரண்டு தடவை பார்த்தார், பாலிஷ்காரரை வாரத்துக்கு ஒரு தடவை. எல்லாரையும் ஒரே மாதிரி விரட்டுகிற மேனேஜருக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று அர்த்தம்.

இந்தக் கணக்கு ஒன்றும் புதிதில்லை. 1910-களில் ஹென்றி கேன்ட் பட்டை பட்டையாக வரைந்த கால அட்டவணையைத்தான் இன்றும் கேன்ட் சார்ட் என்கிறோம். கிரிட்டிக்கல் பாத் முறை 1957 வாக்கில் டூபாண்ட் கம்பெனியில் உருவானது. மேலே சொன்ன மூன்று பதில் கணக்கு, 1958-ல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணை வேலைக்காக வந்தது. வரலாறு இவ்வளவு தெரிந்தால் போதும்.

மூன்று காலும் ‘அப்படியே’யும்

எந்தப் புராஜெக்டும் மூன்று காலில் நிற்கிறது: வேலையின் அளவு, நாள், பணம். ஒன்றை நீட்டினால் மற்ற இரண்டில் ஏதாவது ஒன்று அசையத்தான் வேண்டும். அசையவில்லை என்று யாராவது சொன்னால், தரம் குறைகிறது, இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை.

இந்த மூன்று காலையும் ஆட்டுகிற சொல் தமிழில் ஒன்று உண்டு: ‘அப்படியே’. ஒரு மத்தியானம் ஆச்சி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னார்கள்: “மேஸ்திரி, ஆள்தான் இருக்காங்களே, அப்படியே அந்த ரெண்டாங்கட்டு அடுப்படித் தரையையும் பாத்துருங்க.”

நானாக இருந்தால் மோரைக் குடித்த தோஷத்துக்குச் சரி என்றிருப்பேன். அப்பா முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. “செஞ்சிரலாம் ஆச்சி. பதினோரு நாள் கூடும், முந்நூறு கல்லு கூடும். பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து சொல்லுங்க, நாளைக்கே ஆரம்பிச்சிருவோம்.” ஆச்சி பெரியவரிடம் கேட்டார்களா என்று தெரியாது, அடுப்படிப் பேச்சு அதோடு நின்றது. வேலையின் அளவு இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நீள்வதை ‘ஸ்கோப் க்ரீப்’ என்று சொல்லிப் பாடம் நடத்துகிறார்களே, அதற்கு வைத்தியம் இவ்வளவுதான். விலையைச் சொல்லி, முடிவு எடுக்கவேண்டியவரிடம் அனுப்பிவிடவேண்டும். யாரையும் பகைக்கவும் வேண்டாம்.

ரிஸ்க் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். பலரும் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறார்கள். மாசி, பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் திருவிழா, பால்குடம். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் காப்புக் கட்டிக்கொள்வார்கள், அந்த நாட்களில் வேலைக்கு வரமாட்டார்கள். இது ரிஸ்க் இல்லை, காலண்டர். தேதி முன்கூட்டியே தெரியும், 68 நாளைக் காலண்டரில் விரிக்கும்போதே அந்த நாட்களை விட்டுவிட்டுத்தான் எண்ணவேண்டும். வருமா வராதா என்று தெரியாததுதான் ரிஸ்க். கோடை மழை அப்படி. ஓடு பிரித்துக் கிடக்கிற நேரத்தில் ஒரு மழை அடித்தால் வளவு முழுக்கத் தண்ணீர். அப்பா வேலை தொடங்குவதற்கு முன்பே நான்கு பெரிய தார்ப்பாய் வாங்கினார், ஒரு தடவைக்கு ஒரு பக்கத்து ஓட்டை மட்டும் பிரிக்கச் சொன்னார், மொத்தப் பணத்தில் பத்து சதவீதத்தைத் தொடாமல் ஒதுக்கி வைக்கச் சொன்னார். பங்குனிக் கடைசியில் காற்றோடு ஒரு மழை வந்தது. இரண்டு நாள் போனது. ரீப்பர் வண்டி வராததால் இன்னும் மூன்று நாள். அந்த ஐந்து நாளும் கிரிட்டிக்கல் பாத்தில் விழுந்தன. 68 நாள் 73 ஆனது. சாந்திக்குக் கையில் மூன்று வாரம் மீதி வைத்துத் தொடங்கியதால் யாருக்கும் தூக்கம் கெடவில்லை. அன்று ராத்திரியே அப்பா மூத்தவருக்குப் போன் செய்து ஐந்து நாள் தள்ளுகிறது என்று சொன்னதும் ஒரு காரணம். கெட்ட செய்தியை நாமே சீக்கிரம் சொன்னால் அது தகவல். அவர்களாகக் கண்டுபிடித்தால் சண்டை.

அப்படியானால் மேனேஜர் என்னதான் செய்கிறார்?

அப்பா நல்ல கொத்தனார். தூக்குக்குண்டு போடாமலே சுவரின் சாய்வைச் சொல்லிவிடுவார். ஆனால் மேஸ்திரியாக நின்ற வேலைகளில் சாந்துக் கரண்டியைக் கையில் எடுக்கமாட்டார். ஒரு நாள் இளம் கொத்தனார் ஒருவர் மூலையில் திணறிக்கொண்டிருந்தார். “நீங்களே செஞ்சிட்டா அரை மணி நேர வேலைதானேப்பா” என்றேன். “நான் அந்த மூலையில குனிஞ்சா, மத்த மூணு மூலையை யாரு பாக்குறது?” என்றார்.

எனக்கு அது அப்போது ஏறவில்லை. கோயம்புத்தூரில் முதல் புராஜெக்ட் கைக்கு வந்தபோது, ஒரு புரோகிராமருக்கு வராத பகுதியை நானே உட்கார்ந்து எழுதினேன், மூன்று நாள். நன்றாகவே எழுதினேன். அந்த மூன்று நாளில் வாடிக்கையாளர் பக்கமிருந்து வரவேண்டிய அனுமதி ஒன்று வரவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கவேண்டியவன் நான்தான். டெஸ்டிங் ஆட்கள் நான்கு பேர் ஒரு வாரம் சும்மா இருந்தார்கள்.

மேனேஜருடைய வேலை பெரும்பாலும் அடுத்தவர் வேலைக்கு முன்னால் கிடக்கிற கல்லை எடுத்துப் போடுவதுதான். யாருக்கு என்ன வேண்டும், யாரிடமிருந்து எப்போது வரும், வராவிட்டால் யாருக்குச் சொல்லவேண்டும். அதற்கு நிறையக் கேட்கவேண்டும், நிறைய எழுதவேண்டும், நிறையப் போன் பேசவேண்டும். பார்க்கிறவர்களுக்கு இவர் ஒன்றுமே செய்யாததுபோல இருக்கும். நல்ல நாளில் உண்மையிலேயே செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

அஜைல், ஸ்பிரிண்ட் என்று சொல்கிறார்களே, அதெல்லாம் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். என்ன வேண்டும் என்று முழுதாகத் தெரியாத வேலைகளுக்கு அது நல்ல வழி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் செய்து காட்டி, கருத்துக் கேட்டு, திருத்திக்கொண்டே போகலாம். ஓட்டுக் கூரைக்கு அது ஒத்துவராது, பாதிக் கூரையைப் போட்டுவிட்டுக் கருத்துக் கேட்க முடியாது. ஆனால் அப்பாவும் தரையில் ஒரு பகுதிக்கு மட்டும் முதலில் பதினாறு கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கி, படம் எடுத்து மூத்தவருக்கு அனுப்பினார். ஓரப் பட்டையின் நிறம் வேண்டாம் என்று பதில் வந்தது. ஓரக் கல் அப்போதுதான் ஊற்ற ஆரம்பித்திருந்தார்கள், நிறத்தை மாற்றிக்கொண்டோம். இரண்டு முறையையும் தேவைப்பட்ட இடத்தில் பயன்படுத்தலாம், எந்தக் கட்சியிலும் சேரவேண்டியதில்லை.

கடைசியாக, முடித்து வைப்பது. பெரும்பாலோர் கோட்டை விடுகிற இடம் இது. வேலை ஓய்ந்தால் புராஜெக்ட் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்பா மூத்தவரின் மகனோடு வளவைச் சுற்றி நடந்தார். பெயர்ந்த மூலை, இறுக்கமாக நிற்கிற கதவு, எரியாத ஒரு விளக்கு என்று ஒன்பது குறை எழுதினோம், நான்கு நாளில் சரிசெய்தோம். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கணக்கு முடித்து, எல்லாருக்கும் கொடுத்த பிறகுதான் தன் கூலியை எடுத்துக்கொண்டார். வயரிங் எந்தச் சுவருக்குள் எப்படிப் போகிறது என்று ஒரு தாளில் வரைந்து, மின்பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொன்னார்.

உபரியாகச் சொன்ன 64 கல்லில் 23 வெட்டிலும் உடைசலிலும் போயிருந்தன. மீதியை இரண்டாங்கட்டு அறையில் வைக்கோல் போட்டு அடுக்கி, சுவரில் சாக்பீஸால் எழுதினார்: “தரைக்கல் மீதி 41. ஓரக்கல் தனியா இருக்கு, கலக்கவேண்டாம்.”